கணகணப்பு

கிறகோரி சாப்பிட உட்கார்ந்தால் 'அலங்கார மாதா' விசைப்படகில் மற்ற ஐந்து பேரும் கைவேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அவனுக்குத் தட்டு என்று தனியாக ஒன்று கிடையாது, சோறு வடித்த சட்டியேதான் தட்டு. மீன் குழம்பை அதிலேயே கவிழ்த்துப் பிசைந்து, பிடி பிடியாக உள்ளே தள்ளி, விரலால் வழித்து முடித்து அவன் நிமிரும்போது, "சட்டியைக் கழுவ வேண்டாம், பண்டாரி கழுவியாச்சு" என்று யாராவது ஒருவன் சொல்லுவான். படகுச் சமையல்காரனை அந்தக் கடற்கரையில் பண்டாரி என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாருக்கும் விளம்பி முடித்த பிறகே பண்டாரி தன் சோற்றை எடுத்துக்கொண்டு ஒதுங்கி உட்கார வேண்டும் என்பது படகு முறை. கிறகோரி அந்த முறையை ஒருநாளும் மீறியதில்லை. கடைசியில் உண்டான், அவ்வளவுதான். குறைவாக உண்டான் என்று யாரும் சொல்ல முடியாது.

மற்ற ஐவருக்கும் சாப்பாடு ஆளுக்கு ஒரு கைப்பிடி. விடிந்தால் ஒரு பிடி அவல், பொழுது சாய்ந்தால் இன்னொரு பிடி, கடித்துக்கொள்ளக் கருப்பட்டித் துண்டு. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்கத் தூண்டில் கயிறு இழுப்பார்கள், களைக்கவே மாட்டார்கள். நோன்பும் இல்லை, நோயும் இல்லை. எல்லாம் ஊசி செய்த வேலை.

அந்தோணியார்துறைக்கு அந்த ஊசி வந்து சில வருஷம் ஆகிறது. கம்பெனி அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று வைத்திருந்தது. ஊர் அதை அரைவயிறு ஊசி என்று சுருக்கிக்கொண்டது. தின்றதில் ஒரு பருக்கைகூட உடம்புக்குள் வீணாகாது என்று முகாமுக்கு வந்த டாக்டர் சொன்னார். ஆழ்கடலுக்குப் போனால் மாதக்கணக்கில் கரை காணாத ஊர் அது. அரிசி, காய்கறி, கேஸ் சிலிண்டர் எல்லாம் குறைந்தால் அந்த இடத்தில் ஐஸ் ஏற்றலாம். ஐஸ் கூடினால் மீன் கூடும். படகு முதலாளிகளுக்கு வேறென்ன வேண்டும்? ஊசி போட்டவனுக்குத்தான் படகில் இடம் என்று ஆகிவிட்டது. போட்டவர்களும் குறை சொல்லவில்லை. பசி இல்லை, சோர்வு இல்லை, சித்திரை வெயிலிலும் சட்டை நனைவதில்லை. பெண்களுக்கு மட்டும் கம்பெனி அதைப் போடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

குறை வேறு இடத்தில் தெரிந்தது, அதை யாரும் வெளியே பேசவில்லை. ஊசி போட்டவன் உடம்பில் கணகணப்பு போய்விட்டது. தொட்டால் ஈரச் சுவரைத் தொட்டதுபோல இருக்கும். அந்த ஊர்க் கோயிலில் பூசையின்போது ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் வெறுமனே கும்பிடுகிற வழக்கம் கிடையாது. பக்கத்தில் நிற்பவர் கையை இரண்டு கைகளாலும் சேர்த்துப் பிடித்துத்தான் சமாதானம் சொல்ல வேண்டும். தாத்தன் காலத்திலிருந்து அப்படி. இப்போது ஆண்கள் பக்கத்தில் ஒவ்வொருவனாகக் கும்பிடத் தொடங்கிவிட்டான். கையை நீட்ட வெட்கம்.

வெட்கப்பட்டவர்களில் முதல் ஆள் சூசையடிமை. படகை நடத்துகிற ஸ்ராங்கு அவன்தான். கிறகோரியின் தங்கை பிலோமியைக் கட்டியவன், சின்ன வயசிலிருந்தே கிறகோரியோடு புரண்டு விளையாடியவன். அவனுக்கு ஒரு கைக்குழந்தை. தகப்பன் தொட்டால் அது வீறிட்டு அழும். ஆகவே துண்டை இரண்டாக மடித்துக் கைமேல் போட்டுக்கொண்டுதான் பிள்ளையைத் தூக்குவான். அதே குழந்தை கிறகோரியின் வயிற்றின்மேல் கவிழ்த்துப் போட்டால் அடுத்த நிமிஷம் தூங்கிவிடும். சூசையடிமை அதைப் பார்த்துக்கொண்டே வேட்டியைச் சரிசெய்வதுபோல எழுந்து வெளியே போய்விடுவான். பாவம், பெற்றவனுக்குப் பார்க்க முடியுமா அதை?

கிறகோரி இரண்டு தடவை முகாம் வாசல்வரை போய்த் திரும்பி வந்தவன். ஊசி என்றால் பயம் என்று சொல்லிச் சமாளித்தான். உண்மையில், பசியே எடுக்காத ஒரு நாளை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இந்தத் தடவை முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: உன் ஒருத்தன் தீனிக்கு இடம் ஒதுக்கி எனக்குக் கட்டாது, இதுதான் கடைசிப் பயணம், கரைக்கு வந்ததும் ஊசி போட்டுக்கொள், இல்லையென்றால் வேறு படகு பார். கிறகோரி தலையை ஆட்டினான். அவன் சாக்கை உள்ளே வைக்கவும் முதலாளி விடவில்லை; உள்ளே ஐஸுக்கு இடம் வேண்டும். அரிசியும் கிழங்கும் கட்டிய சாக்கை, கேஸ் சிலிண்டரோடு சேர்த்து மேல்தட்டில் கயிறு போட்டுக் கட்டிவைத்தான். ஐந்து பேருக்கான தீனி ஒரு தகரப் பெட்டியில் அடங்கி அறைக்குள் இருந்தது.

லட்சத்தீவைத் தாண்டி, இன்னும் தூண்டில் போடுமுன்னே காற்று பிடித்தது. ஐப்பசிக் காற்று சொல்லிக்கொண்டா வரும்? ஒரு அலை பக்கவாட்டில் ஏறி, ஓட்டும் அறையின் கண்ணாடியை உடைத்து, எஞ்சின் அறைக்குள் நிறைந்து, மேல்தட்டில் இருந்ததையெல்லாம் வழித்துக்கொண்டு போயிற்று. எஞ்சின் செத்தது, பேட்டரி நனைந்தது, வயர்லெஸ் ஊமையாயிற்று. தூண்டில் கயிறும் போயிற்று, சிலிண்டரும் போயிற்று. கிறகோரியின் சாக்கும் போயிற்று. உயிர் மட்டும் ஆறும் மிஞ்சியது.

அன்று முழுக்கத் தண்ணீர் இறைத்தார்கள். படகு தாழவில்லை என்று தெரிந்தபிறகு, உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது மிக்கேல்தான் முதலில் வாயைத் திறந்தான். மிக்கேல் எதையும் சந்தேகப்படுகிறவன். தராசில் மீன் நிறுத்தால்கூடக் கீழே குனிந்து யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பான்.

"சாக்கு போச்சு. இனி இந்தத் தடியன் நம்ம பெட்டியிலயாக்கும் கை வைக்கப்போறான். எல்லாரும் கண்ணத் தொறந்து பாத்துக்கிடுங்க."

அவன் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். ஆனால் அந்தப் படகில் தாழ்ந்த குரலுக்கு இடம் எங்கே இருக்கிறது? கிறகோரியின் காதில் விழுந்தது. அவனுக்குக் கோபம் வரவில்லை, அவமானமாக இருந்தது. மிக்கேல் சொன்னதில் பொய் என்ன? ஐந்து பேர் வாரக்கணக்கில் உயிர்பிழைக்கிற பெட்டியை அவன் ஒருத்தன் நாலே வேளையில் காலி பண்ணிவிடுவான். ஒருத்தனுக்காக ஐந்து பேரைக் கொல்லுவதா? கிறகோரி தனக்குள் ஒரு முடிவுக்கு வந்தான்.

பண்டாரி அவன்தான், பெட்டியும் அவன் கையில்தான். ஐந்து பேருக்கும் அவலை நனைத்து விளம்புவான். பிறகு வழக்கம்போலத் தன் பங்கை எடுத்துக்கொண்டு மூலையில் முதுகைக் காட்டி உட்காருவான். வாயை மெல்லுவதுபோல அசைப்பான். எடுத்ததை அப்படியே பெட்டிக்குள் திரும்பப் போட்டு மூடிவிடுவான். பண்டாரி உண்ணும்போது போய் எட்டிப்பார்ப்பது படகில் மரியாதை இல்லை. ஆகவே யாரும் பார்க்கவில்லை. அவனும் கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்டதாகவே நினைத்துக்கொண்டான்.

மழை விடவில்லை. உடைந்த கண்ணாடி வழியே காற்று ஊளையிட்டது. ஓட்டும் அறைக்குப் பின்னால் இருந்த படுக்கை அறையில், கதவு இடுக்கில் பலகையை அடைத்துவிட்டு ஆறு பேரும் முடங்கினார்கள். நனைந்த துணி, நனைந்த மெத்தை. அந்த ஐவரும் ஊசிக்குப் பிறகு கரையில் வெயிலைத்தான் அறிந்திருந்தார்கள். குளிர் என்றால் என்னவென்று இப்போதுதான் அவர்கள் உடம்புக்குத் தெரிந்தது. யாரும் யாரிடமும் சொல்லாமலே எல்லாரும் கிறகோரியைச் சுற்றி ஒட்டிக்கொண்டார்கள். இரட்டையர்களான கொஸ்மாசும் தமியானும் ஆளுக்கொரு பக்கம். "இடத்த அடச்சுக்கிட்டுக் கெடக்கான் பாரு" என்று முணுமுணுத்த மிக்கேல் தன் முதுகை அவன் முதுகோடு சேர்த்துவைத்துக்கொண்டான்.

முதல் நாட்களில் அது தாங்கியது. பிறகு ஒரு காலையில் தமியானுக்கு வாய் குழறியது. ஆளை எழுப்பி உட்காரவைத்தால், "சூடா இருக்கு, சூடா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு சட்டையைக் கழற்றப் பார்த்தான். குளிர் தலைக்கேறினால் ஆள் அப்படித்தான் பிதற்றும். கொஸ்மாஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான். சூசையடிமை எழுந்து நிற்க முயன்று, கால் மடங்கி விழுந்தான்.

எஞ்சின் பார்க்கிற ரெஜின்தான் நகர்ந்து நகர்ந்து ஒவ்வொருத்தராகத் தொட்டுப் பார்த்தான். ரெஜின் கல்லூரியில் உயிர்வேதியியல் படித்துப் பட்டம் வாங்கி, வேலை தேடித் தேடிச் சலித்து, கடைசியில் அப்பன் போன கடலுக்கே வந்தவன். நாலு பேரையும் தொட்டான், ஐஸ். அது அவனுக்குத் தெரிந்ததுதான். கிறகோரியைத் தொட்டபோது திடுக்கிட்டான். கிறகோரியின் கையும் சில்லிட்டுக் கிடந்தது, உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தது.

என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, சாப்பிட்டது செரிக்கவில்லை என்றான் கிறகோரி.

"செரிக்கலியா?" மிக்கேல் தட்டுத் தடுமாறி எழுந்தான். "நான் சொன்னேன்லா. நம்மளப் பட்டினி போட்டுட்டு இவன் மூக்குமுட்டத் தின்னிருக்கான். இப்பக் காட்டுகேன் பாருங்க."

தகரப் பெட்டியை இழுத்து எல்லார் முன்னாலும் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கையை உள்ளே விட்டு அளைந்தான், வெளியே எடுத்தான், மறுபடியும் விட்டான். ஐந்து பேர் தின்ற பிறகு எவ்வளவு குறைந்திருக்க வேண்டுமோ அதுதான் குறைந்திருந்தது. ஆறாவது ஆள் ஒருவன் இருந்ததற்கே பெட்டியில் அடையாளம் இல்லை.

"லேய்," என்றான் மிக்கேல்.

சூசையடிமை படுத்தபடியே கேட்டான். "மச்சான், இம்புட்டு நாளும் நீ தின்னவே இல்லியா?"

கிறகோரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நான் தின்னா ஒங்களுக்கு மிஞ்சாதுலே. எனக்க வயிறு எனக்குத் தெரியும்லா. நீங்க பிள்ளகுட்டிக்காரங்க."

ரெஜின் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனுக்கு இப்போதுதான் முழுக்கப் புரிந்தது; ஏன் இத்தனை நாள் தாங்கினார்கள், ஏன் இன்று தாங்கவில்லை என்று. பற்கள் கிட்டிக்கொண்டன, நிறுத்தி நிறுத்தித்தான் பேசினான்.

"நம்ம எஞ்சின் குடிக்கிற டீசல் அம்புட்டும் விசிறி சுத்தவா போவுது? பாதிக்கு மேல சூடாத்தான் போவும். சைலன்சர்ல கை வெச்சா பொள்ளும்லா? ஒடம்பும் அப்பிடித்தான். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குஞ்சு குஞ்சா எஞ்சின் கெடக்கு. தின்ன சோத்தையும் இழுத்த மூச்சையும் சேத்து மெல்ல எரிக்கும். அதுல கொஞ்சம் வேலைக்கு, மிச்சம் சூடு. வீணாப்போவுது வீணாப்போவுதுன்னு சொல்லி ஊசிக்காரன் அந்தச் சூட்டத்தான் அடச்சுப்போட்டான். கரையில வெயில் இருந்துச்சு, நமக்குத் தெரியல. இங்க வெயில் ஏது? நாம இத்தர நாளும் இவனுக்க சூட்டுலயாக்கும் உயிரோட கெடந்தோம். இவன் பட்டினி கெடந்து அந்தத் தீய அணச்சுட்டான்."

அப்படியானால் நாங்களும் நிறையத் தின்றால் சூடாகுமா என்று கொஸ்மாஸ் கேட்டான். ரெஜின் இல்லையென்று தலையை ஆட்டினான். பெட்டி முழுக்கத் தின்றாலும் ஊசி போட்டவன் உடம்பில் அது கொழுப்பாகச் சேருமே தவிரச் சூடாகாது. எரிய அடுப்பு வேண்டும், இந்தப் படகில் அது ஒருத்தனிடம்தான் இருக்கிறது.

சூசையடிமை ஸ்ராங்கு குரலில் உத்தரவு போட்டான்: பெட்டி இனி மிக்கேல் கையில். தனக்கும் மற்றவர்களுக்கும் உயிர் நிற்க ஒரு சிட்டிகை. மிச்சம் எல்லாம் கிறகோரிக்கு.

கிறகோரி முடியாது என்றான். ஐந்து பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கையில் எந்த மனுஷன் தொண்டையில் சோறு இறங்கும் என்று கேட்டான். வாழ்நாள் முழுக்கத் தீனிப்பண்டாரம் என்று கேலி கேட்டவன் அவன். சாகும்போதும் அந்தப் பேரோடு சாக வேண்டுமா?

மிக்கேல் அவலில் கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, மழைத்தண்ணீர் தெளித்துப் பிசைந்து, பெரிய உருண்டையாகப் பிடித்தான். கிறகோரி முன்னால் வந்து குந்தினான்.

"தின்னுலே மக்கா. நீ தின்னாத்தான் எனக்குத் தணுப்பு போவும்."

கிறகோரி வாயைத் திறந்தான். மென்றான். கண்ணில் தண்ணீர் வழிந்து உருண்டையோடு சேர்ந்து உள்ளே போயிற்று. உப்பு போட்ட மாதிரி ஆயிற்று என்று அவன் பிற்பாடு சொல்லிச் சிரித்ததுண்டு, அன்று சிரிக்கவில்லை. இரண்டாவது உருண்டை, மூன்றாவது. பொழுது ஏற ஏற அவன் உதறல் நின்றது. உள்ளங்கை கணகணக்கத் தொடங்கியது. தமியானைச் சட்டையில்லாமல் அவன் நெஞ்சோடு சேர்த்துவைத்துத் துணியைச் சுற்றினார்கள். மற்ற நாலு பேரும் அவர்கள் இருவரையும் சுற்றி இறுக்கிக்கொண்டார்கள். மத்தியானத்துக்குமேல் தமியான் தன் அண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

அதன்பிறகு அதுதான் வேலை. மிக்கேல் ஊட்டுவான், கிறகோரி தின்பான், ஐந்து பேரும் ஒட்டிக்கொண்டு கிடப்பார்கள். நெஞ்சுப் பக்கம் ஒருத்தன், முதுகுப் பக்கம் ஒருத்தன், முறை மாற்றி மாற்றிப் படுப்பார்கள். கிறகோரி தூங்கினால் தொந்தரவு பண்ணக்கூடாது என்று மூச்சைக்கூட மெல்ல விடுவார்கள்.

அப்படிக் கிடக்கையில் ஒருநாள் சூசையடிமை, ரெஜினிடம் மெதுவாகக் கேட்டான். அவன் மனசை அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது. ஊசிக்குப் பிறகு பிறந்த பிள்ளை, தன்னைப் போலவே ஆகிவிடுமா என்றான்.

"ஆவாது," என்றான் ரெஜின். "அந்தக் குஞ்சு எஞ்சின் அம்மை வழியாத்தான் பிள்ளைக்கு வரும். அப்பனுக்க பங்கு அதுல ஒண்ணுமில்ல. பொண்ணுங்களுக்கு ஊசி போடாதது அதனாலயாக்கும். பொறந்த பிள்ளைக்கு நடுங்கக்கூடத் தெரியாது ஸ்ராங்கே, உள்ள எரிச்சாத்தான் சூடு. அம்மைகிட்டத் தீ இல்லேன்னா பிள்ளைக்கு ஏது?"

சூசையடிமை, "பிலோமிக்கு இருக்கு. அது போதும்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

மழை விட்டு வெயில் வந்தபோது பெட்டி தட்டினால் கணீரென்று சத்தம் வரும் அளவுக்குக் காலியாகியிருந்தது. வடக்கே போன ஒரு சரக்குக் கப்பல் அவர்களைப் பார்த்தது. ஏணி வழியே இறங்கி வந்தவர்கள் ஆறு பேரையும் ஒரே குவியலாகக் கண்டார்கள். பிரித்தெடுக்கப் போனபோது குவியலுக்குள்ளிருந்து, "மெதுவா, மெதுவா, நடுவுல உள்ளவன மொதல்ல எடுக்காதீங்க," என்று ஒரு குரல் கேட்டதாம். அது மிக்கேலுடையது.

கரைக்கு வந்த பிறகு முதலாளி கிறகோரியிடம் ஊசிப் பேச்சை எடுக்கவில்லை. படகுக்கு ஒரு தின்னுகிறவன் வேண்டும் என்று மற்ற முதலாளிகளும் ஆள் தேடத் தொடங்கியிருந்தார்கள். எப்படி இருக்கிறது உலகம், பார்த்தீர்களா? நேற்றுவரை பாரம், இன்று பாதுகாப்புச் சாதனம். கிறகோரி பெருமைப்படவுமில்லை, கோபப்படவுமில்லை. குழைய வடித்த கஞ்சியைக் குடித்துக் குடித்து, போன சதையைத் திரும்ப வரவழைத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கோயில் மண்டபச் சுவரில் அந்த அறிவிப்பு ஒட்டினார்கள். பெண்களுக்கும் இனி ஊசி போடலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டது, வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் முகாம்.

ரெஜின் முகாம் டாக்டரைப் போய்ப் பார்த்தான். பிறக்கப்போகும் பிள்ளைகளுக்குச் சூடு எங்கிருந்து வரும் என்று கேட்டான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு வெப்பப் பெட்டி கொடுக்கத் திட்டம் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். மின்சாரம் போனால் என்று இவன் கேட்டதற்குச் சிரித்தார். ஊரில் ரெஜின் வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தான். கடலில் கிடந்து பையனுக்கு மூளை நனைந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நாள் முழுக்க அடுப்படியில் வேகிறவர்களுக்கு ஒரு பிடி அவலில் நாள் ஓடும் என்றால் கசக்குமா?

பிலோமியும் பேர் கொடுத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் கிறகோரி அவள் வீட்டுக்கு ஓடினான். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ரெஜின் சொன்னதையெல்லாம் தனக்குத் தெரிந்தமட்டும் சொன்னான். அவள் தலை நிமிராமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சோறு பெருசில்ல அண்ணா," என்றாள் கடைசியில். "அவரு என்னத் தொட்டு மாசக்கணக்காச்சு. தொட்டா நான் சிலுத்துருவேன்னு பயந்து, சுவரப் பாத்துத் திரும்பிப் படுக்காரு. நானும் ஊசி போட்டுக்கிட்டா ரெண்டுபேரும் தணுத்துருவோம். அப்ப யாருக்கும் யாரு தணுப்பும் தெரியாதுல்லா?"

கிறகோரி அங்கிருந்து நேரே சூசையடிமையைத் தேடிப் போனான். படகுத்துறையில் உடைந்த கண்ணாடிக்கு மாற்றுக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தவனிடம், தங்கை சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். சூசையடிமை திருப்புளியைக் கீழே வைத்தான். கடலைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குமுன் எதுவும் உண்ணக்கூடாது என்ற வழக்கப்படி, கிறகோரி வெறும் வயிற்றோடு போனான். பூசை முடிந்து பெண்கள் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு வரிசையாகப் போகத் தொடங்கினார்கள். மண்டபத்துக்குள் மேசை போட்டு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். பிலோமி வரிசையின் நடுவில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

சூசையடிமை மண்டப வாசலில் போய் நின்றான். ஊசிக்குப் பிறகு ஒருநாளும் மடக்காத முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டான். அவனுக்குப் பக்கத்தில் ரெஜின் வந்து நின்றான். பிறகு கொஸ்மாஸ், தமியான், மிக்கேல். மிக்கேல் திரும்பிப் பார்த்து, கிறகோரியைச் சட்டையைப் பிடித்து இழுத்துத் தனக்கு அப்பால், வரிசையின் கடைசியில் நிறுத்தினான். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதலில் வந்தது கொஸ்மாஸின் பக்கத்து வீட்டுப் பெண், கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாதவள். சூசையடிமை இரண்டு கைகளையும் நீட்டினான்.

"சமாதானம்," என்றான்.

நீட்டிய கையைத் தட்டுகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. அவள் பழக்கதோஷத்தில் பிடித்தாள். பிடித்தவுடன் தோள் குலுங்கியது. அவன் விட்டதும் ரெஜின் நீட்டினான், பிறகு இரட்டையர்கள், பிறகு மிக்கேல். ஐந்து ஜோடிக் கைகள். கடைசியில் கிறகோரியின் கைக்கு வந்தாள். தடித்த, வெங்காய வாசம் போகாத, கணகணவென்று இருக்கிற கை. அவள் அதை விடவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள், திரும்பி அந்த ஐந்து பேரையும் பார்த்தாள். மேசைப் பக்கம் போகாமல் சுவரோரமாகப் போய் நின்றாள்.

அடுத்தவள் வந்தாள், அதற்கடுத்தவள் வந்தாள். சிலர் மேசைக்குப் போனார்கள். போகவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நிறையப் பேர் சுவரோரம் நின்றார்கள்.

பிலோமியின் முறை வந்தது. புருஷன் நீட்டிய வெறுங்கையை அவள் பார்த்தாள். பிடிக்கவில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. அவன் தானாகவே அவள் கையைப் பிடித்தான், ஊரே பார்த்துக்கொண்டிருக்கையில்.

"தணுக்குதா?" என்று கேட்டான்.

அவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

"எனக்குச் சூடா இருக்கு," என்றான் சூசையடிமை. "நீயும் தணுத்துப்போனா நான் எங்கட்டி போய் ஒட்டுவேன்?"

பிலோமி சிலிர்த்தாள், ஆனால் கையை உருவவில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அவன் கையைப் பிடித்தபடியே வரிசையை விட்டு வெளியே வந்து அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள். அடுத்து வந்தவளுக்கு அவன் ஒற்றைக் கையைத்தான் நீட்ட முடிந்தது.

வரிசை இன்னும் நீளமாக இருந்தது. வெயில் ஏறியது. கிறகோரியின் வயிறு இரைந்த சத்தம் மண்டபத்துக்குள் நர்ஸுக்கே கேட்டிருக்கும். அவன் வெட்கப்பட்டுக் காலை மாற்றி நின்றான். மிக்கேல் கழுத்தைத் திருப்பி அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"லேய், இன்னும் தின்னலியா நீ?"

போய் இரண்டு வாய் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிடுகிறேன் என்றான் கிறகோரி. அவ்வளவு நேரமும் தன் இடத்தில் நிற்கும்படி மிக்கேலைக் கேட்டான்.

"ஒனக்க எடத்துல நான் நிக்கவா?" மிக்கேல் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். "அசையாத, அங்கயே நில்லு."

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிறகோரிக்குச் சோறு கொண்டுவர வீட்டைப் பார்த்து ஓடினான்.